தோல் குழியில் கற்ற பாடங்கள்
(வணிகம் பயிலும் வாலிபர்களுக்கு வட ஆற்காட்டு வரலாறு கூறுவது)

  

ஆண்டறிக்கை மலருக்கு மார்க்கக் கட்டுரை ஒன்று எழுதித் தருவது நமது வழக்கம். இவ்வாண்டு வழக்கத்திற்கு மாறாக வணிக வரலாறு ஒன்றை எழுத முற்பட்டிருக்கிறோம். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லி விடுவது முறையாகும்.

சென்ற ரமளானில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நமது மஹல்லாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் ஹவ்ளின் ஓரத்தில் நமக்காகக் காத்திருந்தார். பொறியியல் படித்தவர். வெளியூரில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, தந்தையின் செருப்புக் கடையைக் கவனிப்பதற்காகத் திரும்பி வந்திருந்தார். "ஹஜ்ரத், அத்தா கடையில் உட்காரச் சொல்கிறார். ஆனால் கணக்குப் புத்தகத்தைக் காட்ட மறுக்கிறார். சரக்கு எங்கே வாங்குகிறோம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டால், அதெல்லாம் உனக்கு எதற்கு என்கிறார். புதிதாக ஒன்று செய்யலாம் என்றால், முப்பது வருடமாக இப்படித்தான் நடக்கிறது என்கிறார். நான் எப்படிக் கற்றுக் கொள்வது?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே அவருடைய தந்தையும் நம்மிடம் வந்தார். "பையனுக்குப் பொறுமை இல்லை ஹஜ்ரத். இன்று வரை ஒரு மூட்டையைப் பிரித்து அடுக்கியதில்லை. வந்த அன்றே கடையை மாற்ற வேண்டும் என்கிறான்" என்று வருந்தினார். இருவர் கூறியதும் உண்மையாகவே நமக்குப் பட்டது. அன்று நம்மால் உடனே பதில் கூற இயலவில்லை. நமது கடைவீதியில் தந்தையோடு மூடப்பட்ட கடைகளை ஜமாஅத்தார்கள் அறிவீர்கள். முதல் இல்லாமல் மூடியவற்றை விட, அடுத்த தலைமுறை தொழிலைக் கற்காததால் மூடியவையே அதிகம். எனவே இக்கேள்விக்கு விடை தேடுவது நம் அனைவருடைய கடமையாகிறது. அவ்விடையை, நமது சமுதாயத்தார் ஒன்றரை நூற்றாண்டாக ஈடுபட்டு வரும் தோல் தொழிலின் வரலாற்றில் தேடிப் பார்த்தோம்.

சந்தை எங்கே என்று கேட்டவர்

மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுடைய வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அதற்காக துஆச் செய்த அப்துர் ரஹ்மான் (ரலி), பொருளைப் பெற்றுக் கொள்ளாமல், சந்தைக்கு வழி காட்டுமாறு மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அவர், பின்னாளில் மதீனாவின் பெரும் செல்வந்தர்களுள் ஒருவரானார்.

இதில் நாம் வழக்கமாகப் போற்றுவது அவருடைய தன்மானத்தை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிய ஊர், புதிய மக்கள், புதிய சந்தை. அவர் முதலில் எடுத்தது சிறிய சரக்கு. அன்றாடம் வாங்கி அன்றாடம் விற்கக் கூடிய சரக்கு. அதன் மூலம் ஊரையும் மக்களின் தேவையையும் கற்றுக் கொண்டார். கற்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் சந்தையேயாகும்.

உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டும் தைத்தும் பொருளீட்டி, அதனை ஏழைகளுக்கு வழங்கினார்கள் என்பதும் வரலாறு. தோல் தொழிலை இழிவாகக் கருதுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

கிதாபில் ஓதியதும் கண்ணால் கண்டதும்

மத்ரஸாவில் ஃபிக்ஹு கிதாபின் தஹாரத் பாடத்தில் "திபாகத்" எனப்படும் தோல் பதனிடுதலைப் பற்றி ஓதினோம். கருவேல இனத்து மரத்தின் இலை, மாதுளம்பழத் தோல் போன்ற துவர்ப்புப் பொருள்களால் தோலின் ஈரமும் கசடும் நீங்குதல் பற்றியும், வெயிலில் உலர்த்துவது மட்டும் போதுமா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே உள்ள கருத்து வேறுபாடு பற்றியும் மனனம் செய்தோம். பரீட்சையிலும் எழுதினோம். ஆனால் பல ஆண்டுகள் கழித்து வாணியம்பாடியில் ஒரு தோல் கிடங்கிற்குள் நுழைந்த போதுதான், ஓதியது வேறு, தெரிந்தது வேறு என்பதை உணர்ந்தோம். நாற்றம் முகத்தில் அறைந்தது. அங்கிருந்த முதிய மேஸ்திரி நமது தயக்கத்தைக் கண்டு சிரித்துவிட்டு, ஒவ்வொரு கட்டமாக விளக்கினார். அவர் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவரல்லர். ஆயினும் அன்று அவர் உஸ்தாதாகவும் நாம் மாணவராகவும் இருந்தோம்.

தென்னாட்டில் பதனிடுதலுக்கு அடிப்படையாக விளங்கியது ஆவாரம்பட்டை. நமது தரிசுகளில் மஞ்சள் பூப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். அதன் பட்டையில் உள்ள துவர்ப்பு, தோலை அழுகாமல் காத்து மென்மையும் உறுதியும் தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டி சூசா என்ற யூரேசியர் சென்னையில் பழைய நாட்டு முறையைத் திருத்தி அமைத்தார். அதன் பிறகு, ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் நிறம் தெளிவித்து, எண்ணெய் தடவி உலர்த்திய தோல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டனுக்குச் சென்றன. அவற்றைக் கிழக்கிந்தியத் தோல் என்ற பொருளில் "ஈ.ஐ. தோல்" என்று ஐரோப்பிய வணிகர்கள் அழைத்தார்கள்.

இத்தொழில் பாலாற்றங்கரை ஊர்களில் வேரூன்றியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய இவ்வூர்கள் முன்னர் வட ஆற்காடு மாவட்டத்திலும் பின்னர் வேலூர் மாவட்டத்திலும் இருந்தன. 2019-இல் நடந்த பிரிவினைக்குப் பின் திருப்பத்தூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. தமிழும் உருதும் பேசும் நமது சமுதாயத்தார் இங்கே தோல் வணிகராகவும் பதனிடுவோராகவும் விளங்கினார்கள். குழிகளில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமுதாயச் சகோதரர்கள். அவர்களுடைய கைத்திறன் இல்லாமல் இத்தொழிலின் வளர்ச்சி இல்லை. நமது முன்னோர்களின் பெருமையைப் பேசும் போது இதனை மறைப்பது நன்றி கெட்ட செயலாகும்.

வாலிபர்கள் கற்ற விதம்

வணிகர் வீட்டுப் பிள்ளையானாலும் தொழிலுக்கு வந்தவுடன் கல்லாவில் உட்கார வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. முதலில் கிடங்கு. வந்திறங்கும் பச்சைத் தோலில் எது உப்பிட்டது, எது உலர்ந்தது, எதில் உரிக்கும் போது கத்தி பட்டுள்ளது, எதில் அம்மைத் தழும்பும் உண்ணிக் கடியும் உள்ளன என்று தொட்டுப் பார்த்துச் சொல்லப் பழக வேண்டும். வாங்கும் போது காணத் தவறிய குறை, பதனிட்டு முடித்த பின்னர் விலையில் தெரியும். அப்போது வருந்திப் பயனில்லை.

பின்னர்ச் சுண்ணாம்புக் குழி. மயிர் கழன்று வரும் பக்குவத்திற்கு முன் எடுத்தால் வேலை கெடும்; பிந்தி எடுத்தால் தோல் தளர்ந்து விடும். மழைக்காலத்திற்கு ஒரு கணக்கு, கோடைக்கு ஒரு கணக்கு. சுண்ணாம்பு நீக்கி மென்மைப்படுத்திய தோலைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரல் பதிந்த தடம் அப்படியே நின்றால் பக்குவம் சரி. பட்டைச் சாறு உள்ளே முழுமையாக இறங்கியதா என்பதை அறிய, தோலின் தடித்த பகுதியில் சிறிது வெட்டிப் பார்ப்பார்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும் என்று பொருள். மேலே நிறம் ஏறிவிட்டது என்று ஏமாந்தவருக்கு நட்டம் உறுதி.

இங்கே அந்த மேஸ்திரி கூறிய செய்தி ஒன்று நம் நெஞ்சில் நிலைத்து விட்டது. புதிய தோலை எடுத்த எடுப்பிலேயே வீரியமான பட்டைச் சாற்றில் போடக் கூடாது. போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகி, துவாரங்கள் அடைபட்டு, உள்ளே சாறு இறங்காமல் போய்விடும். எனவே ஏற்கெனவே பயன்படுத்தி வீரியம் குறைந்த பழைய சாற்றில் முதலில் ஊற வைத்து, படிப்படியாக வீரியம் மிகுந்த குழிக்கு மாற்றுவார்கள். பல வாரங்கள் பிடிக்கும் வேலை அது. இதைக் கேட்ட போது, ஓதிக் கொடுக்கும் நமக்கும் இதே விதிதானே என்று எண்ணிக் கொண்டோம். எடுத்தவுடன் பெரும் முதலையும் பெரும் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் ஏற்றினால் மேலே மட்டும் இறுகுகிறது. ஒன்றும் தராமல் பச்சைத் தோலாகவே போட்டு வைத்தாலோ அழுகி விடுகிறது.

குழியைக் கற்ற பின்னர்ச் சந்தை. சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிக்கு அனுப்பப்படும் வாலிபர், தரம் பிரிப்பவரின் அருகில் அமர்ந்து, ஒரே கட்டிலிருந்து தோல்கள் எவ்வாறு பல தரங்களாகப் பிரிகின்றன என்பதைக் கவனிப்பார். தம் தந்தை முதல் தரம் என்று அனுப்பியதை அவர் மூன்றாம் தரத்தில் எறிவதைக் காண்பதே பெரிய படிப்பாகும். இலண்டன் சந்தையில் ஒவ்வொரு பதனிடுவோருக்கும் தனி மார்க்கா இருந்தது. நல்ல மார்க்காவுக்குச் சந்தையில் நம்பிக்கை கூடும், விலையும் கூடும். ஒரு முறை கலப்படமாகக் கட்டு அனுப்பியவருடைய மார்க்கா, கடல் கடந்த ஊரிலும் பெயர் இழந்தது. நேர்மை மறுமைக்கு உரியது மட்டுமன்று, இம்மையிலும் அதற்கு விலை உண்டு என்பதை வாலிபர்கள் இவ்வாறு நேரில் கண்டார்கள்.

புதியதை ஏற்கத் தயங்கிய காலம்

நமது முன்னோர்கள் எல்லாப் புதுமைகளையும் உடனே ஏற்றுக் கொண்டார்கள் என்று எழுதினால் அது வரலாறாகாது. 1903-ஆம் ஆண்டையொட்டி ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். கிணற்றில் கவலை இறைக்கும் தோற்சால்கள் நீரில் விரைவில் இற்றுப் போவதைக் கண்டு, நீரைத் தாங்கும் தோலை உருவாக்குவது அவருடைய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை, குரோம் முறையில் ஓரிரு நாளில் முடிந்தது. 1912-இல் பல்லாவரம் அருகே குரோம் தோல் தொழிற்சாலை எழுந்தது. இன்றைய குரோம்பேட்டை அதனால் பெயர் பெற்ற ஊரே. 1915-இல் சென்னையில் தோல் தொழிலுக்கென ஒரு பள்ளியும் தோன்றியது.

ஆயினும் நமது வணிகர்களுள் மிகப் பெரும்பாலோர் பல பத்தாண்டுகள் பட்டை முறையை விடவில்லை. அதை வெறும் பிடிவாதம் என்று கூற இயலாது. ஈ.ஐ. தோலுக்கு இலண்டனில் உறுதியான சந்தை இருந்தது. முதல் உலகப் போரில் ஆங்கிலப் படையின் காலணிகளுக்கு இத்தோல் பெருமளவில் தேவைப்பட்டது. குரோமுக்கு டிரம்மும் இயந்திரமும் இரசாயன அறிவும் வேண்டும். அவற்றுக்கு முதல் வேண்டும். அதே வணிகர்கள், ஆவாரம்பட்டை போதாமற் போன போது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையைத் தயங்காமல் எடுத்துக் கொண்டார்கள். பின்னர் அம்மரம் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் வளர்க்கப்பட்டது. கையில் உள்ள குழிக்குப் பொருந்திய புதுமையை ஏற்றார்கள். குழியையே மாற்றச் சொன்ன புதுமைக்குத் தயங்கினார்கள். சிறு தொழிலின் இயல்பு இதுவே. நமது கடைக்காரத் தந்தையின் மனமும் இதுவே என்பதை வாலிபர்கள் புரிந்து கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சிக் கூடம் கிடங்கைத் தேடி வந்தது

நாடு விடுதலை அடைந்தபின் 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் நாயுடம்மா, ஆந்திரத்து விவசாயக் குடும்பத்தில் 1922-இல் பிறந்தவர். ஆராய்ச்சி கூடத்தின் சுவருக்குள் முடிந்து விடக் கூடாது, பதனிடுபவரின் கிடங்கை அது சென்றடைய வேண்டும் என்பது அவருடைய கொள்கையாக இருந்தது. 1985-இல் கனிஷ்கா விமான வெடிப்பில் அவர் உயிரிழந்தார். அந்நிலையத்தில் படித்துத் திரும்பிய பிள்ளைகள், தந்தையின் விரல் அறிந்ததை எண்ணாலும் அளவாலும் அறிந்தார்கள். பெருவிரல் அறிவும் சோதனைக் குழாய் அறிவும் ஒரே வீட்டில் சேர்ந்த குடும்பங்கள் முன்னேறின. ஒன்றை ஒன்று ஏளனம் செய்த வீடுகள் தேங்கின.

அடுத்த பெரும் திருப்பம் 1973-இல் வந்தது. 1972-இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை அரசு கட்டுப்படுத்தத் தொடங்கியது. முழுமை பெற்ற தோலும் தோற்பொருள்களும் நம் நாட்டிலேயே உருவாக வேண்டும் என்பது நோக்கம். ஒரு நூற்றாண்டாக அரைப்பதத் தோலையே அனுப்பி வந்த சிறு வணிகர்களுக்கு இது இடியாக விழுந்தது. தொழிலை விட்டவர்களும் உண்டு. நிலைத்தவர்கள், சாயமிடுதல், மெருகேற்றுதல், அளவாகச் சீவுதல் ஆகியவற்றைப் புதிதாகக் கற்றார்கள். அதன் பின்னரே காலணியின் மேற்பாகம் தைக்கும் கூடங்களும் முழுக் காலணித் தொழிற்சாலைகளும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பெருகின. இன்று அக்கூடங்களில் வேலை செய்வோருள் பெண்கள் பெருந்தொகையினர்.

இக்காலத்தில் முதல் இல்லாத வாலிபர்களுக்குக் கை கொடுத்த ஏற்பாடு ஒன்றுண்டு. அங்கே அதனை "ஜாப் வொர்க்" என்பார்கள். சொந்தமாகக் கிடங்கோ இயந்திரமோ இல்லாதவர், சிறிய அளவில் தோல் வாங்கி, மற்றொருவருடைய தொழிற்சாலையில் கூலி கொடுத்துப் பதனிட்டு விற்கலாம். மெருகேற்ற ஓரிடம், அளவெடுக்க ஓரிடம் என்று வேலை பல கை மாறும். இதனால் இயந்திரம் வாங்குமுன்பே தொழிலைக் கற்க வழி உண்டாயிற்று. தவறினாலும் இழப்பு ஒரு கட்டுத் தோலோடு நின்றது. புதுமை செய்து பார்ப்பதற்குப் பெரும் பணத்தை விட, சிறிய அளவில் தவறு செய்து பார்க்க இடமே முதலில் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

1989-இல் ஜெர்மனி நாடு, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கப்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற இரசாயனத்தைத் தடை செய்தது. ஒரு கிலோவில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது சட்டம். 1990-களில் சில சாயங்களுக்கும் தடை வந்தது. அவ்விரசாயனத்தின் பெயரையே அறியாத சிறு பதனிடுவோரின் சரக்கும் இதனால் கேள்விக்குள்ளானது. மாற்று இரசாயனம், சோதனைச் சான்று, மூலப்பொருள் விற்பவரிடம் உறுதிமொழி என்று ஒவ்வொன்றாகக் கற்று மீண்டார்கள். அண்டை வீட்டாரிடம் கேட்டும், சங்கத்தில் கூடிப் பேசியும், ஆராய்ச்சி நிலையத்தை நாடியும் கற்றவை இவை. தனித்து நின்றவரால் இயன்றிருக்காது.

பாலாறு கேட்கும் கேள்வி

இதுவரை கூறியவை பெருமைக்குரியவை. இனிக் கூறப்போவது வெட்கத்திற்குரியது. அதனை விட்டுவிட்டால் இக்கட்டுரை முகஸ்துதியாகி விடும்.

பதனிடும் தொழிலிலிருந்து வெளியேறிய உப்பும் குரோமும் கலந்த நீர் நிலத்தில் இறங்கியது. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. அதன் வளம் நிலத்தடி நீரில் உள்ளது. அந்நீரே கெட்டது. கிணறுகள் உவர்ந்தன. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாததாகி விட்டது என்ற ஆய்வு முடிவு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் அழுத்தம் பெற்றது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. நீரைச் சுத்திகரிக்காத தொழிற்சாலைகள் மூடப்பட வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று.

தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாத சிறு தொழிலகங்கள், ஊர்தோறும் கூட்டு நிறுவனம் அமைத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தின. நேற்று வரை ஒரே கட்டுத் தோலுக்குப் போட்டியிட்டவர்கள், கழிவு நீருக்காக ஒரே மேசையில் அமர்ந்தார்கள். பின்னர் நீரை வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. இதுவும் புதுமைதான்; ஆனால் நீதிமன்றம் கட்டாயப்படுத்திய பின்னர் வந்த புதுமை. அதற்குள் உழவர்கள் நிலம் இழந்திருந்தார்கள். 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் உடைந்து, இரவில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்களை மூழ்கடித்ததில் 10 பேர் மாண்டார்கள். பாதிக்கப்பட்ட உழவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் பாலாற்றைச் சீர்செய்யவும் வலியுறுத்தி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புக் கூற வேண்டியதாயிற்று. கால் நூற்றாண்டு கடந்தும் கணக்கு முடியவில்லை.

ஈக்கும் எறும்புக்கும் தீங்கு செய்யலாகாது என்று போதிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஆயிரம் ஜும்ஆக்களில் பயான் செய்திருக்கிறோம். கிணற்று நீரைக் கெடுப்பதும் அவ்வுரிமையை மீறுவதே என்று மிம்பரில் எத்தனை முறை கூறினோம்? தொழிலைச் செய்தவர்களை மட்டும் குறை கூறி ஆலிம்களாகிய நாம் ஒதுங்கிக் கொள்ள இயலாது. பெருவிரலால் தோலின் பக்குவம் அறியக் கற்றோம். அத்தோல் கழுவிய நீர் யாருடைய வயலுக்குச் செல்கிறது என்பதைக் கற்கத் தவறினோம். தொழில் கற்கும் வாலிபருக்கு இலாப நட்டக் கணக்கோடு இந்தக் கணக்கும் முதல் நாளிலிருந்தே கற்பிக்கப்பட வேண்டும்.

ஈட்டியதை என்ன செய்தார்கள்

இத்தொழிலில் ஈட்டியவர்கள் அதனைத் தம் வீட்டோடு முடித்துக் கொள்ளவில்லை. மேல்விஷாரத்தில் 1863-இல் பிறந்த மர்ஹூம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் தோல் வணிகத்தால் உயர்ந்து, கல்விக்கும் பயணிகளுக்கும் ஏழைகளுக்கும் வாரி வழங்கினார். சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கு அருகிலுள்ள சித்தீக் சராய் அவருடைய கொடையே. அவர் பெயரால் மேல்விஷாரத்தில் 1965-இல் கல்லூரி அமைந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலேயே தோன்றி விட்டது. சென்னைத் தோல் வணிகர் மர்ஹூம் ஜமால் முகமது சாஹிப், 1929-இல் அல்லாமா இக்பால் சென்னையில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவுகளுக்குத் துணை நின்றார். திருச்சியில் 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுண்ணாம்புக் குழியின் நாற்றத்தைச் சகித்தவர்களுடைய பணத்தில்தான் நம் பிள்ளைகள் பட்டம் பெற்றார்கள். அப்பட்டத்தை வாங்கிய பிள்ளை கடையில் உட்காருவதை இழிவாக நினைப்பது எவ்வளவு பெரிய வேடிக்கை!

நமது ஜமாஅத்திற்குச் சில வேண்டுகோள்கள்

இவ்வரலாற்றிலிருந்து நமது மஹல்லாவுக்குப் பொருந்துபவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

தந்தைமார்களே! கணக்குப் புத்தகத்தைப் பிள்ளைக்குத் திறந்து காட்டுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்லாஹ் கட்டளையிட்ட வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். எழுதப்பட்ட கணக்கு, வாரிசு படிப்பதற்கும் உரியது. மவ்த்திற்குப் பின்னர் பாக்கி கேட்டு வருவோரிடமிருந்து பிள்ளை தொழிலைக் கற்கும்படி விட்டு விடாதீர்கள். கடையின் ஒரு மூலையை, ஒரு சிறு தொகையை அவர் பொறுப்பில் விடுங்கள். தவறட்டும். சிறிய தவறு மலிவான ஆசிரியர்.

வாலிபர்களே! மூட்டையைப் பிரிப்பதும் தரையைக் கூட்டுவதும் உங்கள் படிப்புக்கு இழுக்கல்ல. முதலில் பழைய சாற்றில் ஊறுங்கள். வாடிக்கையாளர் எதைக் கேட்டு இல்லையென்று திரும்புகிறார் என்பதை ஒரு மாதம் எழுதி வாருங்கள். கடையில் எதை மாற்ற வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லும். கடையில் உழைக்கும் வேலையாளிடம் கற்க வெட்கப்படாதீர்கள்.

நிர்வாகப் பெருமக்களே! பைத்துல்மாலில் ஒரு பகுதியை, சிறுதொழில் தொடங்கும் வாலிபர்களுக்கு வட்டியில்லாக் கடனாக வழங்க வழி செய்யலாம். கடனை விடவும் பயன் தருவது, மஹல்லாவில் தொழில் அறிந்த பெரியவர் ஒருவரிடம் ஆறு மாதம் பயில ஏற்பாடு செய்வது. மாதம் ஒரு முறை இஷாவுக்குப் பின் வணிகர்கள் கூடித் தம் அனுபவங்களைப் பேசினால், ஒருவர் நட்டப்பட்டுக் கற்றதை மற்றவர் நட்டமின்றிக் கற்கலாம். மதம் பாராமல் கடைவீதியின் அனைத்து வணிகர்களையும் அதற்கு அழைக்கலாம். சந்தை அனைவருக்கும் பொதுவானது.

ரமளானில் நம்மிடம் வந்த அந்தத் தந்தையிடமும் மகனிடமும் இவ்வரலாற்றைத்தான் தனித்தனியே கூறினோம். இப்போது மகன் காலையில் தாமே கடை திறக்கிறார். தந்தை கொள்முதல் சீட்டுகளை அவரிடம் தரத் தொடங்கியிருக்கிறார். பாக்கிக் கணக்கை இன்னும் தரவில்லை. இருவருக்கும் இடையே வாக்குவாதம் நின்றபாடில்லை என்று கேள்விப்படுகிறோம். நின்றுவிட வேண்டும் என்று நாம் துஆச் செய்யவில்லை. ஒரே கடையில் நின்று வாதிடுகிறார்களே, அதுவே நல்ல அடையாளம். சாறு உள்ளே இறங்கச் சில வாரங்கள் ஆகத்தான் செய்யும்.

வல்ல அல்லாஹ் நமது வாலிபர்களுக்கு ஹலாலான ரிஸ்கையும், அதனைக் கற்கும் பொறுமையையும், பிறருக்குத் தீங்கின்றி ஈட்டும் தக்வாவையும் வழங்குவானாக! தொழிலால் சமுதாயத்தை உயர்த்திய முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுடைய நற்செயல்களை ஏற்றுக் கொள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.